பின் இடது ஷாக் அப்சார்பர் ஈரமா இருக்கு: கசிவா, வெறும் வியர்வையா?

#1 உசிலம்பட்டி_ஜீப்

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி நாலு வீல் டிரைவ் டீசல் ஜீப், முன்னால காயில் ஸ்பிரிங், பின்னால பட்டை (லீஃப் ஸ்பிரிங்). 46,000 கி.மீ. ஓடியிருக்கு. லோடுக்காகப் பின் பட்டைக்கு வளைவு ஏத்தி ரெண்டு இஞ்ச் தூக்கியிருக்கு. ஷாக் நாலும் கம்பெனியோட வந்ததுதான், ரெட்டைக் குழாய் வகை (ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய்). ஓடுறது பேரையூர் சுத்துன கரிசல் ரோடு, மாசம் ரெண்டு தடவை சிறுமலை.

பின் இடது ஷாக் மேலிருந்து கீழ் கண்ணு (போல்ட் மாட்டுற வளையம்) வரைக்கும் ஈரம், மண்ணு அப்பிக் கிடக்கு. முன்னால ரெண்டுலயும் மேல் பக்கம் மட்டும் எண்ணெய்ப் பசை. பின் வலது காஞ்சு கிடக்கு. பள்ளத்துல பின் சக்கரம் இறங்குறப்ப 'டக்'குனு ஒரு சத்தம். போன வாரம்தான் வாட்டர் சர்வீஸ் விட்டது. நாலையும் மாத்தணும்னு சொல்றாங்க. நிஜமாவே நாலும் போயிருச்சா, எப்படி உறுதி பண்றது?

#2 பட்டறை_மேசை

தம்பி, வாட்டர் சர்வீஸ்ல கழுவி முடிச்சதும் அடியில ஆயில் ஸ்பிரே அடிச்சாங்களா? நம்ம ஊர்ப் பக்கம் டீசலும் வேஸ்ட் ஆயிலும் கலந்து பட்டை, ஹவுசிங் (அச்சுக் கூடு), ஃபிரேம் எல்லாத்துலயும் பீச்சி விடுறாங்க. அது ஷாக் மேல வழிஞ்சு மண்ணைப் பிடிச்சுக்கிட்டா யார் குனிஞ்சு பார்த்தாலும் கசிவுன்னுதான் சொல்வாங்க. இப்பத் தெரியிற ஈரத்தை வெச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க.

மொதல்ல சுத்தம் பண்ணுங்க. பிரேக் கிளீனரைப் பனியன் துணியில நனைச்சு மேல இருந்து கீழ துடைங்க. ராடு வெளிய வர்ற இடத்துல எண்ணெயைத் தடுக்குற சீல் இருக்கு, நேரா அந்த சீல் வாயில பீச்சாதீங்க, மண்ணு உள்ள போயிரும். மண்ணெண்ணெய் போட்டா ரப்பர் புஷ்ல நிக்காமப் பார்த்துக்கங்க. மேல இருக்குற டஸ்ட் கவருக்குள்ளயும் துணியை விட்டுத் துடைக்கணும், அங்கதான் பழைய எண்ணெய் ஒளிஞ்சு நின்னு ரெண்டு நாள் கழிச்சு வழியும். நல்லாக் காஞ்சதும் முகத்துக்குப் போடுற பவுடரைப் பிரஷ்ல தொட்டு, நாலு ஷாக்லயும் மேல் விளிம்புல இருந்து ஒரு சாணுக்குப் பூசுங்க. அப்புறம் 50, 60 கி.மீ. ஓட்டுங்க. அதுல 15 கி.மீ.யாவது மண் ரோடா இருக்கணும். தார் ரோட்டுல மட்டும் ஓட்டினா ராடு ரெண்டு விரக்கடைதான் ஏறி இறங்கும், சீல் சரியாச் சோதனைக்கு வராது.

திரும்பி வந்து பவுடர் எங்க கறுத்திருக்குன்னு பாருங்க. ஈரம் இருக்குறதுலயே உசரமான இடம் எதுவோ அங்கதான் ஊற்றுக்கண். எண்ணெய் கீழயும் பின்னாலயும்தான் ஓடும், மேல ஏறாது.

வியர்வைக்கும் கசிவுக்கும் உள்ள வித்தியாசம் இது. ராடு உள்ள போய் வெளிய வர்ற ஒவ்வொரு தடவையும் ஆயில் சீலோட உதடு மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலத்தை வெளிய விடும். அது இருந்தாத்தான் சீலே காஞ்சு தேயாம இருக்கும். அந்தப் படலம் தூசியைப் பிடிச்சு உடம்போட மேல் மூணுல ஒரு பங்கு மங்கலாத் தெரிஞ்சா ஷாக் நல்லாத்தான் இருக்கு. விரலை வெச்சா பசை ஒட்டும், சொட்டாது. அதே விரல் நனைஞ்சு வந்தா, பாதி உடம்பைத் தாண்டி வழிஞ்சிருந்தா, கீழ் கண்ணுல சொட்டு நின்னா, அது கசிவு. உங்க முன் ஷாக் ரெண்டும் வியர்வை மாதிரிதான் படுது.

#3 கரிசல்_ரோடு

மேல சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. அந்த எண்ணெய் ஷாக்ல இருந்துதான் வருதான்னு பாருங்க. பின் சக்கரத்துக்குப் பக்கத்துல மூணு எண்ணெய் இருக்கு.

கிரவுன் ஆயில் (பின் அச்சு கியர் எண்ணெய்) தடிமனா இருக்கும், கந்தக நாத்தம் மூக்கைத் துளைக்கும், ஒரு தடவை மோந்தா மறக்காது. அது வீல் ஹப் சீல் வழியா வந்தா டயரோட உள் பக்கமும் பிரேக் தட்டும் நனைஞ்சிருக்கும். அப்படி இருந்தா ஹவுசிங் மேல இருக்குற பிரீதரை (காத்துப் போற சின்னத் துளை மூடி) கழட்டி ஊதிப் பாருங்க. கரிசல் சேறு அதுல அடைச்சுக்கிட்டா ஹவுசிங் சூடாகிறப்ப உள்ள அழுத்தம் ஏறி நல்ல சீலையே தள்ளிரும்.

பிரேக் ஆயில் பெயிண்டைச் சாப்பிடும். கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து ஒரு சொட்டு விடுங்க. பிரேக் ஆயிலா இருந்தா தண்ணியோட ஒண்ணாக் கலந்துரும். ஷாக் எண்ணெய் மேல மிதந்து வட்டமாப் பரவி நிக்கும். கலந்துச்சுன்னா ஷாக்கை மறந்துட்டு வண்டியை நிறுத்திட்டு சக்கரத்துல இருக்குற பிரேக் சிலிண்டரைப் பாருங்க.

ஷாக் எண்ணெய் ரொம்ப மெல்லிசு, பைக் போர்க் ஆயில் மாதிரி ஓடும். புதுசுல தேன் நிறம். தேய்ஞ்ச ஷாக்னா சாம்பல் கலந்த கறுப்பு, விரல்ல தேச்சா பொடிப்பொடியா மின்னும். அந்த மினுமினுப்பு உள்ள பிஸ்டனும் ராடு கைடும் (ராடை நேராப் பிடிக்கிற வளையம்) தேய்ஞ்ச உலோகம்.

#4 மலைச்சாலை

இவ்வளவு எதுக்கு? பின் பம்பரை நாலு தடவை அமுக்கி விடுங்க. ஒரு தடவை எழும்பி நின்னா நல்ல ஷாக், ஆடிக்கிட்டே இருந்தா போன ஷாக்.

#5 பட்டறை_மேசை

காருக்கு அது ஓரளவு சரி. பட்டை வண்டிக்கு ஏமாத்தும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல இருக்குற உராய்வே ஆட்டத்தை நிறுத்திரும். ஷாக்கைக் கழட்டி வெச்சுட்டு அமுக்கினாக்கூட சில வண்டி ஒரு ஆட்டத்துல நின்னுரும். அதோட கையால அமுக்குறது மெதுவான அசைவு. ஷாக் உள்ள வால்வு பல அடுக்காத் திறக்குறது வேகமான அசைவுக்குத்தான். அதைக் கைப் பலத்தால சோதிக்க முடியாது. அமுக்கிப் பார்த்து 'நல்லாருக்கு'ன்னு வர்ற பதிலை நம்பாதீங்க. 'மோசம்'னு வந்தா மட்டும் நம்பலாம்.

#6 உசிலம்பட்டி_ஜீப்

அண்ணே, சொன்ன மாதிரியே செஞ்சாச்சு. ஆயில் ஸ்பிரே அடிச்சிருந்தாங்க. துடைச்சுப் பவுடர் போட்டு 62 கி.மீ., அதுல 20 மண் ரோடு.

முன் ரெண்டு: மேல் விளிம்புல நாலு விரக்கடை மங்கல், விரல்ல பசை மட்டும். பின் வலது: பவுடர் அப்படியே இருக்கு. பின் இடது: டஸ்ட் கவருக்குக் கீழ சுத்திலும் பவுடர் சேறாகி, அங்கிருந்து ரெண்டு கோடா வழிஞ்சு கீழ் கண்ணு வரைக்கும் வந்திருக்கு. தண்ணியில மிதக்குது, கந்தக நாத்தம் இல்ல. நிறம் சாம்பல்.

#7 நத்தம்_ரோடு

கசிவு உறுதி. அடுத்து, அது எவ்வளவு தூரம் செயலிழந்திருக்குன்னு சூட்டை வெச்சுப் பாருங்க. ஷாக்கோட வேலையே ஆட்டத்தைச் சூடா மாத்துறதுதான். வேலை செஞ்ச ஷாக் சூடா இருக்கும், சும்மா இருந்தது ஆறியிருக்கும். அலை அலையா இருக்குற மண் ரோட்டுல 30 கி.மீ. வேகத்துல பத்து நிமிஷம் நிக்காம ஓட்டிட்டு, இறங்குன உடனே அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை நாலு ஷாக்லயும் உடம்போட நடு இடத்துல காட்டுங்க. இல்லன்னா புறங்கையைப் பட்டும் படாம வெச்சுப் பாருங்க, அழுத்திப் பிடிச்சிராதீங்க. ஒரே அச்சுல இருக்குற இடது வலதைத்தான் ஒப்பிடணும். முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டா அர்த்தமில்ல, எடையும் கோணமும் வேற வேற. சைலன்சர் எந்தப் பக்கம் போகுதுன்னும் பார்த்துக்கங்க, அந்தப் பக்கச் சூடு கணக்கைக் கெடுக்கும்.

#8 உசிலம்பட்டி_ஜீப்

வெளி வெயில் 37 டிகிரி. முன் இடது 58, முன் வலது 57. பின் வலது 61, பின் இடது 44. சைலன்சர் இடது பக்கம்தான் போகுது, அப்படியிருந்தும் அதுதான் கம்மி.

#9 நத்தம்_ரோடு

அப்ப பின் இடதுல எண்ணெய் போயிருச்சு. முன் ரெண்டும் சமமா வேலை செய்யுது, கை வைக்க வேண்டாம். 5,000 கி.மீ. ஓடுனதும் திரும்பத் துடைச்சுப் பாருங்க. நாலையும் மாத்தச் சொன்னதுக்குக் காரணம் அந்த ஆயில் ஸ்பிரேயாத்தான் இருக்கும்.

கழட்டினதும் கையாலயும் ஒரு சோதனை பண்ணிருங்க. ராடு மேல இருக்குற மாதிரி ஷாக்கை நேரா நிறுத்தி முழுசா அமுக்கி முழுசா இழுங்க, அஞ்சு தடவை. ரெட்டைக் குழாய் ஷாக்கைப் படுக்க வெச்சிருந்தா உள் குழாய்க்குள்ள காத்துப் போயிரும். அந்தக் காத்து வெளியேறாம கையில எடுத்த உடனே அமுக்கினா புது ஷாக்கூட லூஸாத்தான் தெரியும். கடையில பெட்டியைப் பிரிச்சு அமுக்கிப் பார்த்துட்டு 'மட்டமான சரக்கு'ன்னு திருப்பிக் குடுக்குறவங்க நிறையப் பேர், அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

அஞ்சு தடவைக்கு அப்புறம் ராடை மெதுவா ஏத்தி இறக்குங்க. திசை மாறுற இடத்துல ஒரு விரக்கடை தூரம் கைக்கு எதிர்ப்பே இல்லாம 'சொத்'துனு போய் அப்புறம் பிடிச்சா எண்ணெய் குறைஞ்சிருக்கு. உள்ள 'களக் களக்'குன்னா பேஸ் வால்வு (குழாய் அடியில இருக்குற வால்வு) விட்டிருக்கு. வழியில எங்கயாவது இறுகி நின்னா ராடு வளைஞ்சிருக்கு.

#10 கப்பலூர்_லேத்

கசியிற ஷாக்ல ஓட்டை போட்டு, எண்ணெய் ஊத்தி, வெல்டு அடிச்சுத் தர்றாங்க. செலவும் கம்மி. அதைப் பத்தி யாரும் சொல்லலையே?

#11 பட்டறை_மேசை

சொல்ல வேண்டிய விஷயம்தான். கேஸ் ஷாக்ல (எண்ணெயோட நைட்ரஜனும் அடைச்சது) அதைச் செய்யக் கூடாது. ரெட்டைக் குழாய்ல நைட்ரஜன் அழுத்தம் குறைவு, ஒத்தைக் குழாய்ல 20 பார் பக்கம் இருக்கும். டிரில் பிட் உள்ள இறங்குற நொடியில எண்ணெய் முகத்துல பீச்சும். வெல்டிங் சூட்டை உள்ள இருக்குற எண்ணெய் ஆவியோட சேர்த்தா வெடிக்கவும் செய்யும்.

அந்த ஆபத்தை ஒதுக்கி வெச்சாலும் வேலை உருப்படாது. எண்ணெய் எந்த வழியாப் போச்சோ அந்த சீல் அப்படியேதான் இருக்கு, வெல்டு சூட்டுல இன்னும் கருகுது. உள்ள இருந்த நைட்ரஜன் போயிருச்சு, காத்துதான் இருக்கு. மலை ரோட்டுல ரெண்டு கி.மீ. ஏறுறதுக்குள்ள எண்ணெய் மோர் கடைஞ்ச மாதிரி நுரைச்சு எதிர்ப்புப் போயிரும். கையில கிடைச்ச என்ஜின் ஆயிலை ஊத்தினா வால்வு வழியா அது வேகமாப் போகாது, வண்டி கட்டை வண்டி மாதிரி அடிக்கும்.

கழட்டிப் பிரிக்கிற மாதிரி திருகு மூடி வெச்ச ஷாக் வேற. அதுக்கு சீல் கிட் வருது, புது எண்ணெய் மாத்தி நைட்ரஜன் ஏத்திக்கலாம். தம்பி வண்டியில இருக்குறது மடிச்சு மூடின வகை. அதைப் பிரிக்க வழியில்ல.

#12 கப்பலூர்_லேத்

சரிதான் அண்ணே. கேஸ் ஷாக்னா இனிமே வெல்டு வேலைக்கு வாங்க மாட்டோம்.

#13 கரிசல்_ரோடு

புது ஷாக் வாங்குறதுக்கு முன்னால, இந்த ஷாக் ஏன் கசிஞ்சதுன்னு கண்டுபிடிக்கணும். 46,000 கி.மீ. ஓடுன ஷாக் வயசால போயிருக்கலாம். ஆனா வலது காஞ்சு கிடக்குறப்ப இடது மட்டும் போயிருக்கு, பள்ளத்துல 'டக்'குனு சத்தம் வருது, பின்னால ரெண்டு இஞ்ச் தூக்கியிருக்கு. இந்த மூணையும் சேர்த்துப் பாருங்க.

ராடை முழுசா வெளிய இழுத்து, வெளிச்சத்துல மெதுவா உருட்டிக்கிட்டே நகத்தால வருடுங்க. நகம் மாட்டுற கீறலோ குரோம் உரிஞ்ச புள்ளியோ இருந்தா அதுதான் சீலை அறுத்தது. கரிசல் சேறு ராடுல ஒட்டிக் காஞ்சா ஓடு மாதிரி இறுகிரும், அடுத்த அமுக்கத்துல அது நேரா சீல் உதட்டுலதான் உரசும். உடம்புல நசுங்கல் இருக்கான்னும் பாருங்க. ரெட்டைக் குழாய்ல வெளிச்சட்டை லேசா நசுங்கினா உள் குழாயைத் தொடாத வரைக்கும் பரவாயில்ல. ஒத்தைக் குழாய்ல சின்ன நசுங்கல்கூட பிஸ்டனைப் பிடிச்சுக்கும்.

ராடு சுத்தமா இருந்தா சந்தேகமெல்லாம் நீளத்து மேலதான். பட்டையைத் தூக்கினதால அச்சு கீழ இறங்கியிருக்கு. சக்கரம் பள்ளத்துல தொங்குறப்ப பட்டை இன்னும் இறங்கப் பார்க்கும், ஷாக் முழுசா நீண்டு அதைப் பிடிச்சு இழுக்கும். உள்ள பிஸ்டன் போய் ராடு கைடுல அடிக்கும். அந்த 'டக்' இதுவா இருக்கலாம். கைடு தளர்ந்தா சீல் ஒரு பக்கமா உட்காரும், அப்புறம் கசிவுதான். அப்படின்னா அதே நீளத்துல புது ஷாக் போட்டாலும் அதே மாதிரிதான் போகும்.

அளந்து சொல்லுங்க, எல்லாம் கண்ணு நடுவுல இருந்து கண்ணு நடு. ஒண்ணு, வண்டி தரையில நிக்கிறப்ப. ரெண்டு, ஃபிரேமுக்கு ஸ்டாண்டு குடுத்து அச்சைத் தொங்கவிட்டு, ஷாக்கோட. மூணு, கீழ் போல்ட்டைக் கழட்டிட்டு ஷாக் இல்லாம அச்சைத் தொங்கவிட்டு, மேல் கண்ணு போல்ட்ல இருந்து கீழ் போல்ட் வரைக்கும். நாலு, கழட்டின ஷாக் முழுசா அமுங்கினா எவ்வளவு. அஞ்சு, தரையில நிக்கிறப்ப பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (அச்சு மேல ஏறி ஃபிரேம்ல முட்டாமத் தாங்குறது) அச்சுக்கும் இடைவெளி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பார்த்துக்கிட்டே இறக்குங்க. காயில் வண்டியில இதைச் செய்யிறவங்களுக்கு: ஷாக்கைக் கழட்டினா அச்சு ரொம்ப இறங்கி ஸ்பிரிங்கே கழண்டு விழலாம், அடியில ஜாக்கி தாங்கியே இருக்கணும்.

#14 உசிலம்பட்டி_ஜீப்

தரையில 43 செ.மீ. ஷாக்கோட தொங்குறப்ப 52. ஷாக் இல்லாமத் தொங்குறப்ப 55.5. முழுசா அமுக்கினா 32. பம்ப் ஸ்டாப் இடைவெளி 7. ராடுல கீறல் இல்ல, உடம்புல நசுங்கல் இல்ல. கையால சோதிச்சப்ப ரெண்டு செ.மீ. தூரத்துக்கு எதிர்ப்பே இல்ல. ராடை முழுசா இழுத்துப் பக்கவாட்டுல ஆட்டினா லேசா ஆடுது.

#15 கரிசல்_ரோடு

காரணம் கிடைச்சிருச்சு. உங்க ஷாக் முழுசா நீண்டாலே 52. பட்டை 55.5 வரைக்கும் இறங்கப் பார்க்குது. மூணரை செ.மீ. பத்தலை. அச்சோட எடையையும் சக்கரத்தோட எடையையும் ஷாக்தான் தொங்கல்ல பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. ராடு பக்கவாட்டுல ஆடுறது கைடு போனதுக்கு அடையாளம். இடது சக்கரம்தான் ரோட்டோரப் பள்ளத்துல அதிகம் இறங்கும், அதனால அது மொதல்ல போயிருக்கு. வலதும் அதே அடிதான் வாங்கியிருக்கு, ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. ஒரே அச்சுல ஒரு புதுசும் ஒரு பழசும் இருந்தா மண் ரோட்டுல பின்பக்கம் கோணலாக் குதிக்கும்.

இப்ப நீளக் கணக்கு. தொங்கல் 55.5, அதோட ரெண்டு செ.மீ. சேர்த்தா புது ஷாக் நீட்டின அளவு 57.5 வேணும். அமுங்குற பக்கம்: 43ல இடைவெளி 7 கழிச்சா 36, ரப்பர் ஒரு ரெண்டரை நசுங்கும்னு வெச்சா 33.5. உங்க ஷாக் 32ல நிக்குது, ஒண்ணரை செ.மீ. பாக்கி இருக்கு. (ஷாக் சாய்வா இருந்தா அச்சு நகர்ற அளவுக்கு ஷாக் அமுங்காது. இந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாவே காட்டும், அதனால பயமில்ல.)

சிக்கல் எங்கன்னா, நீட்டம் கூடினா அமுங்கின நீளமும் கூடும். உங்க ஷாக்ல ராடு ஓட்டம் 20, மீதி 12 செ.மீ. கண்ணும் வால்வும். அதே அமைப்புல 57.5க்கு நீட்டணும்னா ஓட்டம் 22.75, அமுங்கின நீளம் 34.75. ரப்பர் நிக்கிறதோ 33.5ல. அப்ப ரப்பர் தாங்குறதுக்கு முன்னால ஷாக் அடியில முட்டும். அது தொங்கல்ல இழுபடுறதை விட மோசம், ராடு வளையும், ஃபிரேம்ல இருக்குற பிராக்கெட்டே கிழியும். 'பெரிய ஷாக் போட்டுட்டோம்'னு இருக்குற பல வண்டியில பிராக்கெட் விரிசல் விடுறது இதனாலதான். அதனால நீளமான ஷாக் போட்டா பம்ப் ஸ்டாப்பையும் மூணு செ.மீ. கீழ இறக்கணும், இரும்புப் பேக்கிங் வெச்சு நீள போல்ட் போட்டா முடிஞ்சுது.

#16 மலைச்சாலை

பழைய நீளத்துலயே ஷாக் போட்டு, ஃபிரேமுக்கும் அச்சுக்கும் லிமிட் ஸ்ட்ராப் (அச்சு ரொம்ப இறங்காமப் பிடிக்கிற வார்) கட்டினா?

#17 கரிசல்_ரோடு

கட்டலாம், அதுவும் முறையான வழிதான். நைலான் ஸ்ட்ராப் 50.5ல இறுகணும், ஒண்ணரை செ.மீ. ஷாக்குக்கு மிச்சம் விடணும், ஏன்னா பாரம் ஏறினா ஸ்ட்ராப் கொஞ்சம் நீளும். ஆனா அஞ்சு செ.மீ. தொங்கலை இழக்குறீங்க. பாறை ஏறுற வண்டிக்கு அது நஷ்டம், ஒரு சக்கரம் சீக்கிரம் அந்தரத்துல நிக்கும். லோடு ஏத்தி மண் ரோட்டுல ஓடுற வண்டிக்கு அதைவிட நல்ல வழி, வளைவு ஏத்தினதையே ஒரு இஞ்ச் குறைச்சுப் பழைய ஷாக் நீளத்துக்குப் பக்கத்துல கொண்டு வர்றது. குறைச்சதும் திரும்ப அளந்து பார்த்துட்டுத்தான் ஷாக் வாங்கணும். தம்பி எதுக்கு ஓட்டுறாரோ அதை வெச்சு அவர்தான் தீர்மானிக்கணும். என் ஓட்டு வளைவைக் குறைக்கிறதுக்குத்தான்.

#18 உசிலம்பட்டி_ஜீப்

லோடு இப்ப ரொம்பக் கம்மிதான் அண்ணே. வளைவை ஒரு இஞ்ச் குறைச்சுட்டு அளந்து போடுறேன். மாட்டுறப்ப எதைக் கவனிக்கணும்?

#19 பட்டறை_மேசை

புதுசை நேரா நிறுத்தி அஞ்சு தடவை அமுக்கி இழுத்து, படுக்க வைக்காம மாட்டுங்க. ராடைக் கிரிப் பிளேயரால பிடிக்கவே கூடாது, ஒரு பல் பதிஞ்சாலும் அந்த இடம் சீலுக்குள்ள போயிட்டு வர்றப்ப அறுத்துரும். முன் ஷாக் மாதிரி மேல நட்டு போடுற வகைன்னா ராடு நுனியில இருக்குற சப்பையைத்தான் பிடிக்கணும்.

கண்ணு போல்ட்டைத் தொங்கல்ல வெச்சு இறுக்காதீங்க. கையால போட்டு, சக்கரம் தரையில நின்னு வண்டி எடை முழுசா இறங்கினப்புறம் மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க. தொங்கல்ல இறுக்கினா ரப்பர் புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருக்கும். சீக்கிரமே கிழிஞ்சு ராடைப் பக்கவாட்டுல தள்ள ஆரம்பிக்கும். 100 கி.மீ. ஓடினதும் திரும்ப ஒரு தடவை இறுக்கம் பாருங்க.

முதல் வாரம் மேல் விளிம்புல மங்கலா எண்ணெய் தெரிஞ்சா பதறாதீங்க, கம்பெனியில ஷாக்கைப் பூட்டுறப்பப் பூசின எண்ணெய் கொஞ்சம் உள்ள நின்னிருக்கும். துடைச்சுட்டுப் பவுடர் போட்டு ஒரு தடவை சோதிங்க, போதும். கரிசல்ல ஓட்டிட்டு வந்தா சேறு காயறதுக்கு முன்னால ராடு மேல குழாய்த் தண்ணியைச் சும்மா ஓடவிடுங்க. பிரஷர் கன்னைச் சீல் வாய்க்கு நேராப் பிடிக்க வேண்டாம்னு வாட்டர் சர்வீஸ்ல சொல்லிருங்க. ஆயில் ஸ்பிரேயும் வேண்டாம்னு சொல்லுங்க, அப்பத்தான் அடுத்த கசிவு கண்ணுக்குத் தெரியும்.

பழைய ஷாக்கை இரும்புக் கடையில போடுறப்ப கேஸ் கட்டர் வைக்க வேண்டாம்னு வாயால சொல்லிட்டு வாங்க.

#20 உசிலம்பட்டி_ஜீப்

வளைவு இறக்கியாச்சு. ஷாக் இல்லாமத் தொங்குறப்ப இப்ப 52.5, தரையில 40.5. பழைய நீளம் இன்னும் அரை செ.மீ. பத்தலை.

#21 கரிசல்_ரோடு

நீட்டின அளவு 54.5 வர்ற ஷாக் பாருங்க. அமுங்கின நீளம் 33.25 பக்கம் வரும், ரப்பர் 33.5ல நிக்குது. அதனால பம்ப் ஸ்டாப்புக்கு ஒண்ணரை செ.மீ. பேக்கிங் வைங்க. கடைக்கு டேப் எடுத்துட்டுப் போய் ரெண்டு அளவையும் அங்கேயே அளந்துட்டுப் பணம் குடுங்க, பெட்டி மேல போட்டிருக்குற வண்டிப் பேரை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

#22 உசிலம்பட்டி_ஜீப்

சரி அண்ணே. பேக்கிங் வெட்ட நாளைக்கு லேத்துக்குப் போறேன். மாட்டி 100 கி.மீ. ஓடினதும் நாலு ஷாக் சூட்டையும் எடுத்து இங்கயே போடுறேன்.